தோளில் கிடந்த துண்டு

நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரில் இசைவாணர் உருவங்களை வரைய ஏற்பாடு செய்த குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடிக்க வந்தவன், கிளாஸைக் கையில் பிடித்தபடி உங்கள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டேன். டீ ஆறி ஆடை படிந்தது. சுவரின் மேல்வரிசையில் 7 பேர்: கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள், பாரதி, காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், விளாத்திகுளம் சுவாமிகள், நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம். ஒவ்வொருவருக்கும் பெரிய முகம், தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம், கீழே பெயர். அதற்கும் கீழே, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முதுகைச் சாய்க்கும் உயரத்தில், கறுப்புப் பெயின்டில் 11 நிழல்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போடும் ஒரு பையன், வில்லுப்பாட்டு வில்லுக்கு ஒருவர், குடத்துக்கு ஒருவர், மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிக்கும் இருவர், ஒரு உறுமி, கரகத்தோடு ஒரு பெண். இவர்களில் யாருக்கும் முகம் கிடையாது, பெயரும் கிடையாது.

இடமிருந்து நாலாவது நிழல் என் அப்பா.

நிழலைப் பார்த்து எப்படிச் சொல்கிறாய் என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். அப்பாவுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. பத்து வயதில் வண்டிச் சக்கரத்தில் மாட்டி ஒடிந்து, வைத்தியர் கட்டிய கட்டு கோணலாகக் கூடிவிட்டது. தவில் கழியை மற்ற விரல்கள் பிடித்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேளச் செட்டில் கூட வாசித்தவர்கள் அதை வைத்துத்தான் அவரைக் கேலி செய்வார்கள். உங்கள் நாலாவது நிழலில் அந்த விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வலது கையில்.

அந்த நிழல் எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1991-இல் எங்கள் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த மலரின் கடைசிப் பக்கத்தில் வந்த போட்டோ அது. அதன் ஒரிஜினல் எங்கள் வீட்டு நடுவறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தினமும் பார்க்கிற படத்தின் ஓரக்கோடு எனக்குத் தெரியாதா? நான் போர்டு எழுதுகிறவன். ஃபிளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பை அள்ளிக்கொண்டு போகும்வரை இந்த வட்டாரத்தில் பாதிக் கடைகளுக்குப் பெயர் எழுதியவன். அதற்குப் பிறகு இறந்தவர்களின் படத்தை வரைந்து கொடுத்துப் பிழைக்கிறேன். வாக்காளர் அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, மூடிய கண்ணைத் திறந்து வைத்து, பிள்ளைகள் அழாமல் பார்க்கிற மாதிரி ஒரு முகத்தைக் கொண்டுவருவது என் வேலை. அதனால் இந்தக் கடிதத்தை மகன் என்ற முறையில் பாதியும் தொழில்காரன் என்ற முறையில் பாதியும் எழுதுகிறேன்.

சாரத்தில் நின்ற பையன்களிடம் முதலில் கேட்டேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கை சுத்தமான பையன்கள். "அண்ணாச்சி, எங்களுக்கு வந்த டிசைனே அப்படித்தான். ராத்திரி புரொஜெக்டர் வச்சுச் சுவத்துல அடிச்சு, கோடு எடுத்து, உள்ள ரொப்பினோம். சில பேரு அந்தப் பக்கம் பாத்து இருந்தாங்க. எல்லாரும் நடுவுல உள்ளவங்களைப் பாக்கட்டும்னு திருப்பிப் போடச் சொன்னாங்க" என்றான் ஒருவன். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. அப்பாவின் இடது கை வலது கையானது அப்படித்தான்.

தவில் வாசிப்பவருக்கு வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், வலது கை. விரல்களில் கூடு போட்டிருப்பார். இடது பக்கம் கழி. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போன குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உங்கள் சுவரில் கழி வலது கையில் இருக்கிறது. இடது கையில் கூடு போட்ட விரல்கள். நிழலாக்கினால் கூடு எங்கே தெரியும்? விரல் வீங்கின மாதிரித்தான் தெரிகிறது. அந்தக் கூட்டை அப்பா துணிக் கீற்றில் பசை தடவி, விரலிலேயே சுற்றிச் சுற்றி, காயவைத்துக் கழற்றுவார். ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க அந்தப் பசை வாடை வீட்டில் இருக்கும். சுவரில் அந்தக் கையைப் பார்த்து ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "இந்தத் தாத்தாவுக்கு ஏன் கை அப்படி இருக்கு?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

இது தவறு, சரிசெய்துவிடலாம் என்று நினைத்துத்தான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உட்காரச் சொன்னீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். போட்டோவை மேஜையில் வைத்தேன். பார்த்தவர் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "அது யாரையும் குறிக்கிறது இல்லை அண்ணாச்சி. கீழே உள்ளதெல்லாம் பார்டர். டிசைன்தான். உங்க அப்பா ஜிப்பா போட்டிருந்தாங்க, அது மாடர்னா தெரிஞ்சுது. பாரம்பரியமா இருக்கட்டும்னு ஜிப்பாவை எடுத்துட்டுத் துண்டை இடுப்புல கட்டச் சொன்னோம்."

கை மாறியதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

துண்டு என்ன பாடுபட்டது என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மேளக்காரன் சட்டை போடக்கூடாது. தோளில் துண்டு இருந்தால் பெரிய வீட்டு வாசலுக்கு வருமுன் அது இடுப்புக்கு இறங்க வேண்டும். நடந்தும் நின்றும்தான் வாசிக்க வேண்டும். வேகமாக வாசிக்கும்போது வசதிக்காகத் துண்டை இடுப்பில் இறுக்குவது வேறு. யார் சொல்லி இறக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பந்தலுக்குள் நுழையும்போது அந்த வீட்டுக் காரியஸ்தர் ஒன்றும் பேசவில்லை. தன் தோளைத் தொட்டு, பிறகு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நாதஸ்வரம் வாசிக்க வந்த பெரியவர் சட்டென்று துண்டை இறக்கிக் கட்டினார். அவர் கட்டியதைப் பார்த்து அப்பாவும் கட்டினார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று ஆச்சி சொல்லுவாள்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த வழக்கத்தை எல்லாம் எப்போதோ உடைத்துவிட்டார். குடுமியை எடுத்துக் கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அவரிடம் கற்றவர் நம் காருகுறிச்சியார். ஆனால் சக்கரவர்த்திகளுக்குக் கிடைத்த மரியாதை, வருடத்துக்கு நாற்பது முகூர்த்தம் பார்த்துக் குடும்பம் நடத்துகிற செட்டுக்கு வந்துசேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. எங்கள் வீட்டுக்கு அது வந்த வருடம் 1991. அப்பா திருநெல்வேலிக்குப் போய் சந்தனக் கலர் பட்டு ஜிப்பா ஒன்று எடுத்துவந்தார். கொடைக்கு அதைப் போட்டுக்கொண்டு, ஜரிகைத் துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, மேடையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு. அந்த மாதம் அட்வான்ஸ் கொடுத்திருந்த மூன்று முகூர்த்தம் கைவிட்டுப் போனது. அம்மா கம்மலை அடகு வைத்தாள். ஜிப்பா மட்டும் கழறவில்லை.

நீங்கள் எடுத்த போட்டோ அன்றைக்கு எடுத்தது. தவிலை மடியில் வைத்து, வாசிக்கத் தொடங்கும் முன், படத்துக்கு வெளியே இருக்கும் நாதஸ்வரக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த ஜிப்பாவைத்தான் கழற்றினீர்கள், துண்டை இடுப்புக்கு இறக்கினீர்கள், முகத்தை எடுத்தீர்கள், மேலே இருப்பவர்களைப் பார்க்கும்படி திருப்பி உட்கார வைத்தீர்கள். காரியஸ்தராவது கையால் ஜாடைதான் காட்டினார்.

"டிசைன்தான்" என்று சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் தொழில் கற்றது கோவில்பட்டியில். காலண்டர் படங்களுக்கென்று ஓவியர் கொண்டைய ராஜு ஊன்றிவைத்த ஊர் அது. அவருடைய சீடர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான சரஸ்வதியும் முருகனும் நம் வீட்டுச் சுவர்களில் எல்லாம் தொங்கினார்கள். என் வாத்தியார் அந்த வழியில் வந்தவர். தூரிகையைத் தொடவிடுவதற்கு முன் எனக்கு ஆறு மாதம் கைகளும் ஆயுதங்களும் வாத்தியங்களும்தான் வரையக் கொடுத்தார். முகம் கேட்டால் திட்டுவார். "வீணையை எடுத்துட்டா சரஸ்வதி ஒரு லட்சணமான பொம்பளப் பிள்ளை, அவ்வளவுதான். கையில என்ன இருக்குன்னு வச்சுத்தாம்ல ஆளு யாருன்னு தெரியும்" என்பார். படத்தில் வாத்தியம் அலங்காரத்துக்கு வைக்கிற சாமான் அல்ல என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெயர்ப் பலகை எழுதத் தெரியாத காலத்தில் அதுதான் பெயர்ப் பலகை.

உங்கள் மேல்வரிசையையே எடுத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானது 1835. சியாமா சாஸ்திரி 1827. தியாகராஜர் 1847. போட்டோ பிடிக்கும் முறையை பாரிஸில் உலகத்துக்கு அறிவித்ததே 1839-இல். மூவரையும் போட்டோ எடுத்தவர் கிடையாது. இன்று பூஜை அறைகளில் நாம் கும்பிடும் மும்மூர்த்திகள் பெரும்பாலும் எஸ். ராஜம் (1919–2010) வரைந்த வடிவத்தை ஒட்டியவர்கள். அவரே நல்ல பாடகர் என்பதால் சங்கீதம் தெரிந்த கை அது. பிறகு எப்படி நாம் பார்த்த மாத்திரத்தில் இவர் தீட்சிதர் என்கிறோம்? வீணையால். காசியில் கங்கைக்குள் இறங்கி நின்றபோது அவர் கைக்கு வந்தது என்று சொல்லும் அந்த வீணையில் யாளி முகம் மேல்நோக்கி இருக்கும். மற்ற வீணைகளில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். தியாகராஜர் என்றால் தம்புரா, உஞ்சவிருத்தி. சியாமா சாஸ்திரி என்றால் காமாட்சி. இதை உங்கள் டிசைனர் தவறாமல் செய்திருக்கிறார். யாளி சரியாக மேல்நோக்கி இருக்கிறது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதில்தான் எனக்கு ஆற்றாமை. யாரும் பார்த்திராத முகங்களுக்கு நீங்கள் முகம் கொடுத்திருக்கிறீர்கள், கண்ணின் ஓரத்துச் சுருக்கம் வரைக்கும். இந்த ஊரில் பாதிப்பேர் கல்யாணத்தில் பார்த்த, கை நீட்டித் தாம்பூலம் வாங்கிக்கொண்ட, சந்தையில் பேரம் பேசிய ஒரு மனிதருக்கு, போட்டோவே கையில் இருந்தும், முகம் இல்லை. யாளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிற டிசைனருக்குத் தவில் கழி எந்தக் கையில் என்று தெரியவில்லை. மேலே உள்ளவர்களுக்கு வாத்தியத்தை அடையாளமாகக் கொடுத்தீர்கள். கீழே உள்ளவர்களை அடையாளமாகவே ஆக்கிவிட்டீர்கள். "பண்பாடு" என்று எழுதுவதற்குப் பதிலாக எங்கள் அப்பாவை வரைந்திருக்கிறீர்கள்.

"நாதஸ்வரத்துக்குத்தான் காருகுறிச்சியாரைப் போட்டிருக்கிறோமே" என்றும் சொன்னீர்கள். போட வேண்டியவர்தான். 1921-இல் நம் ஆற்றுக்கரையில் பிறந்து, 1964-இல் 43 வயதுக்குள் போய்விட்டவர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கேட்காத தமிழ்க் காது கிடையாது. ஆனால் அவரை மட்டும் தனியாக வரைந்ததே என் கண்ணுக்குக் குறையாகப் படுகிறது. நாதஸ்வரம் தனியாக நிற்கிற வாத்தியமா? பக்கத்தில் தவில், பின்னால் சுருதி பிடிக்கும் ஒத்து, ஓரத்தில் தாளம். உங்கள் படத்தில் அவர் பக்கத்தில் வெறும் நீலம். ஒருவருக்கு முகம் கொடுத்ததைச் சொல்லி மற்ற 11 பேருக்கு இல்லாததை நியாயப்படுத்தினால், அது அவருக்கே மரியாதையாகாது.

கொட்டுகிறவனுக்கு முகம் வேண்டாம் என்பது நம் பாரம்பரியமும் இல்லை. கழுகுமலை வெட்டுவான் கோவிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். மலையை மேலிருந்து குடைந்து இறக்கிய, முடிக்காமல் விட்ட பாண்டியர் காலத்துக் கோவில், எட்டாம் நூற்றாண்டு. அங்கே விமானத்தில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். மௌனமாக உபதேசம் செய்கிற சாமி கையில் மிருதங்கம்! முகத்தைப் பார்த்தால் லயத்துக்குள் போய்விட்டவர் முகம். அந்தச் சிற்பிக்குத் தோல் வாத்தியம் தொட்டவன் கீழ்வரிசை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போல.

இன்னொன்று. ஆடவல்லானுக்கு ஐந்து சபைகள் என்பார்கள். நெல்லையப்பர் கோவிலில் இருப்பது தாமிர சபை. குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. அங்கே கூத்தன் சுவரில் தீட்டிய ஓவியமாகவே இருந்து பூஜை வாங்குகிறான். சுவரில் வரைந்ததைச் சாமியென்று கும்பிடுகிற ஊர்க்காரர்களிடம் வந்து, சுவரில் உள்ளது வெறும் டிசைன், யாரையும் குறிக்காது என்று சொல்லலாமா? (கழுகுமலையும் கோவில்பட்டியும் 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டன, குற்றாலம் 2019-இல் தென்காசிக்குப் போய்விட்டது என்று உங்களில் யாராவது திருத்துவீர்கள். கலெக்டர் ஆபீஸ் பிரிந்தது. மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க இன்றும் எல்லைக்கோட்டைப் பார்த்து யாரும் வருவதில்லை.)

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு போர்டு எழுதினேன். இரண்டு பக்கமும் நாதஸ்வரமும் தவிலும் குறுக்கே வைத்த மாதிரி, நடுவில் வாழைமரம். நன்றாக வந்தது. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சைக்கிளைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். "எலே, வாத்தியம் இருக்கு. வாசிக்கவன் எங்கல?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மண்டபத்துக்கு அதே தவிலை அதே மாதிரி வரைந்து கூலி வாங்கியிருக்கிறேன். அதனால் உங்களைக் கேட்க எனக்கு முழு யோக்கியதை இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வரைந்தது வாத்தியத்தை. நீங்கள் எடுத்தது ஒரு ஆளை.

மற்ற நிழல்களுக்கு வருகிறேன். அவர்களும் யாரோ ஒருவருடைய அப்பாவோ அம்மாவோதான்.

மகுடம் அடிக்கும் இரண்டு பேரையும் ஒரே மாதிரி வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். ஒரே ஸ்டென்சில் என்று நினைக்கிறேன். கணியான் கூத்தில் இரண்டு மகுடமும் ஒன்றல்ல. ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். ஒருவன் கேட்க ஒருவன் பதில் சொல்கிற மாதிரிப் போகும். சுடலைமாடன் கொடையில் அர்த்த ராத்திரியில் அண்ணாவி பாட, பெண்வேஷம் கட்டிய இருவர் ஆட, அந்த மகுடச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும். சுவரில் அண்ணாவியையே காணோம். பாடுகிறவர் இல்லாமல் கொட்டு மட்டும் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு மகுடக்காரருக்கு நான் படம் வரைந்தேன். வாக்காளர் அட்டையிலிருந்து முகத்தை எடுத்துவிட்டேன். மகன் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சோடு சேர்த்து மகுடத்தை வைக்கச் சொன்னான். இடமில்லை, படம் கழுத்தோடு முடிகிறது என்றேன். "அது இல்லாம மாட்டினா சாமிக்கே அடையாளம் தெரியாது அண்ணே" என்றான். மறுபடி முதலிலிருந்து வரைந்தேன்.

எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. வில்லுப்பாட்டுப் பாடிய ஒரு அம்மா. ஊர் ஊராகப் போய் விடிய விடிய இசக்கி கதை சொன்னவர். நான் ஆசையாக, கையில் வில்லை அடிக்கும் இரண்டு வீசுகோலோடு வரைந்து கொண்டுபோனேன். வீட்டார் தயங்கினார்கள். பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம், வந்தவர்கள் பார்த்தால் ஏதாவது பேசுவார்கள், வெறும் முகம் போதும் என்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அது அவர்கள் வீட்டுச் சுவர். அவர்கள் சொல்வதுதான் சட்டம். வீசுகோலை அழித்து முந்தானையாக மாற்றிக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்த பிறகு அதே பேத்தி வந்து, "மாமா, அந்தக் கோலை மறுபடி வரைஞ்சு தாங்க" என்று கேட்டு வாங்கிப் போனாள். வாத்தியம் வேண்டுமா, முகம் போதுமா, துண்டு எங்கே கிடக்க வேண்டும் என்பதெல்லாம் இறந்தவர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. உங்கள் குழு 11 பேரில் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வில்லுக்குப் போட்ட ஆளையும் பாருங்கள். வில்லைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார், ராமர் மாதிரி. வில் தரையில் குடத்தின் மேல் சாய்ந்து இருக்கும். அடிக்கிறவர் அதன் முன்னால் உட்கார்ந்து வீசுகோலால் வீசுவார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். நம் சத்திரபுதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் பத்திரிகைகளில் எத்தனையோ வந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்திருந்தால் போதும்.

என்னிடம் பேசியவர், நிழலாக வரைந்தால் செலவும் நேரமும் குறைவு என்றும் ஒரு காரணம் சொன்னார். தொழில்காரன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன், குறைவுதான். ஆனால் முகம் என்றால் ஏழு நாள் வேலை செய்த முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பத்திரிகையில் ஓவியர் மாலி பாடகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் சில கோடுகளில் பிடித்துப்போட்டார். கோட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஆளுக்கு எட்டுக் கோடு கொடுத்தால் அவன் யாரென்று ஊருக்குத் தெரியும். கறுப்புப் பெயின்டை ரொப்புவதைவிட அதற்குப் பெயின்டும் குறைவாகத்தான் பிடிக்கும்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன்.

நாலாவது உருவத்தை முழுதாக அழித்து மறுபடி வரைய வேண்டும். கழி இடது கைக்கு வர வேண்டும், கூடு வலது கைக்கு. ஜிப்பா வேண்டும். துண்டு தோளுக்கு ஏற வேண்டும். இதில் மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் வரமாட்டேன். அவர் பார்வை 1991-இல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இருக்கட்டும். நடுவில் உள்ளவர்களை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அவருக்குத் தன் நாதஸ்வரக்காரரைப் பார்க்க வேண்டும். கீழே பெயரும் ஊரும் எழுத வேண்டும்.

மற்ற பத்து உருவங்களும் யாருடைய போட்டோவிலிருந்து எடுக்கப்பட்டவை என்று உங்கள் டிசைனரிடம் கேட்டு, அந்தக் குடும்பங்களை ஆள் அனுப்பாமல் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் முகம் வேண்டும் என்றால் முகம், பெயர் மட்டும் போதும் என்றால் பெயர், ஒன்றும் வேண்டாம் என்றால் அந்த நிழலை எடுத்துவிடுங்கள். படம் யாருடையது என்று தெரியவே இல்லையென்றால், அந்தக் கலையை இன்று செய்துகொண்டிருப்பவர் ஒருவரை அவர் சம்மதத்தோடு உட்காரவைத்து வரையுங்கள். நம் வட்டாரத்தில் கணியான் கூத்துக்காரர்களும் வில்லுக்காரர்களும் இல்லாமல் போய்விடவில்லை. போன கொடைக்கு வாசித்தவரின் போன் நம்பர் கோவில் தர்மகர்த்தாவிடம் இருக்கும்.

காருகுறிச்சியாருக்குப் பக்கத்தில் உள்ள நீலத்தில் ஒரு தவிலும் ஒரு ஒத்தும் வர வேண்டும். வில்லை இறக்கிக் குடத்தின் மேல் வைக்க வேண்டும். மகுடக்காரர்களுக்கு ஒரு அண்ணாவி வேண்டும். இனி இந்தச் சுவரிலோ வேறு சுவரிலோ வாத்தியக்காரர்களை வரையும் முன், கோடு எடுத்தவுடன், ரொப்புவதற்கு முன், அந்த வாத்தியம் வாசிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

திறப்பு விழாவை ஆனித் தேரையொட்டி வைத்திருப்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் இவ்வளவும் முடியும். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆள் போதவில்லை என்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம். பெயின்டுக்கும் ப்ரைமருக்கும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில், காரணத்தோடு கொடுங்கள். "டிசைன்தான்" என்று ஒரே வார்த்தையில் வேண்டாம்.

போட்டோவின் ஒரிஜினலை வெள்ளிக்கிழமை காலை சுவர்ப்பக்கம் எடுத்துவருவேன். நீங்களும் வாருங்கள். ஜிப்பாவின் கலர் போட்டோவில் தெரியாது, கறுப்பு வெள்ளை. ஜிப்பா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நாலாவது நிழலின் மகன்